நண்டு விலைக்குப் பின்னால் இருபது விநாடி

மண்டபம் அரசு மருத்துவமனையில்
என் அறைக்குப் பெயர் நம்பிக்கை மையம்.
கதவில் சிவப்பு ரிப்பன் படம்.
அதைப் பார்த்ததும்
வந்தவர்கள் எல்லாம் பல் பிடுங்க வந்தவர்களாகி
அடுத்த அறைக்கு நடந்துவிடுகிறார்கள்.

முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினேன்.
நாற்பத்தொரு விருப்பக்குறி.
முப்பது பேர் என்னைப் போல ஆலோசகர்கள்,
மீதியில் ஒருவன் என் தம்பி.

இந்தக் கரை காது கொடுப்பது ஒரே குரலுக்கு.
காலை ஐந்தரைக்கு வாட்ஸ்அப்பில்
நண்டுக் கம்பெனி ரெஜினாள்:
"பெருசு நானூத்திப் பத்து. நடுசு எரநூத்தி எம்பது.
முட்ட நண்டு கொண்டு வராதீங்க, சொல்லிட்டேன்."
குந்துகால் தொடங்கி தேவிபட்டினம் வரை
அறுநூறு கைபேசிகள்
அதைக் கேட்டுத்தான் கண் விழிக்கும்.

போய்க் கேட்டேன்.
எடைத்தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்
"எம்புட்டு நேரம்?" என்றாள்.
இருபது விநாடி.
"உசுரு நண்டுல செத்த நண்டக் கலக்குற மாதிரில்ல இருக்கு."
தண்ணீர் வடியும்வரை காத்து, எடையைக் குறித்து,
"சரி, கலக்கு."

விலைக்கும் ஐஸ் வண்டிக்கும் நடுவே
என் குரல் போனது.
மூன்றாம் நாள் இரவு ஒன்று நாற்பதுக்கு
முகப்பில் அவுட்போர்டு எஞ்சின் படம் வைத்த ஓர் எண்:

டீ கிளாஸ்ல வருமா
வராது.
கொசு
வராது.
வள்ளத்துல ஒரே சட்டியில சாப்புடுறோம்
வராது.
ஃபிரண்டுக்குத்தான் கேக்குறேன்

(இந்தக் கரையில் எல்லோருக்கும்
ஒரு ஃபிரண்டு இருக்கிறான்.)

ஃபிரண்டு சம்சாரம் ஆறு மாசம்

"பயப்படாதீங்க" என்று அடித்தேன். அழித்தேன்.
பயப்படுகிறவனிடம் அதைச் சொல்லி என்ன?
"ரெண்டு பேரும் வாங்க. ரத்தம் பார்ப்போம்.
இருந்தாலும், இப்பவே மாத்திரை தொடங்கினா
பிள்ளை அது இல்லாம பொறக்க முடியும்.
பேர் வெளிய போகாது."

ஒற்றை டிக்.
நான் சொல் தேடிய நேரத்தில்
வள்ளம் கிளம்பிவிட்டிருக்கிறது.
நடுக்கடலில் அக்கரைக் கோபுரம்
அவன் கைபேசிக்கு
இலங்கைக்கு நல்வரவு சொல்லியிருக்கும்;
என் நான்கு வரிக்கு அங்கே வழியில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு இரண்டு டிக்.
சாம்பல் நிறம். நீலமாகவில்லை.
மதியம் எஞ்சின் படம் போய்
முகமில்லாத தலை ஒன்று இருந்தது.

அதே வாரம்
அட்மின் உங்களை நீக்கிவிட்டார்.
பெண்பிள்ளைகள் இருக்கும் குரூப்பாம்.
நம்ம கரையில அந்த நோயெல்லாம் கிடையாதாம்.
என் மேசை இழுப்பறைக்குத் தெரியும்.
அது சொல்லாது.

பிறகு ஒரு சனிக்கிழமை,
தொண்டியிலிருந்து கூட வேலை பார்க்கும் ஷர்மிளா அனுப்பினாள்,
பலமுறை கைமாறியதன் இரட்டை அம்பு போட்டு:

"பெருசு நானூத்தி இருவது. நடுசு எரநூத்தித் தொண்ணூறு.
தொட்டா ஒட்டாது, கூட உக்காந்து தின்னா ஒட்டாது,
ஆணுறை ஆஸ்பத்திரியில சும்மாவே தர்றாங்க,
மாசமா இருக்கவ கண்டிப்பா ரத்தம் பாத்துக்கங்க,
மண்டபத்துல அந்தப் பிள்ள நல்லாப் பேசுது,
யாருகிட்டயும் சொல்லாது.
முட்ட நண்டு கொண்டு வராதீங்க.
ஐஸ் வண்டி நாலு மணிக்கு."

என் குரல் அதில் இல்லை.
என் இருபது விநாடி
அவளிடம் பதினாறாகியிருந்தது.

வியாழக்கிழமை ஒன்பது பேர்.
ஒருத்திக்கு ஆறு மாதம் இருக்கும்,
ஏழாகவும் இருக்கலாம்.
கூட வந்தவன் விரலெல்லாம் நண்டு கிழித்த கோடுகள்;
இங்கே யார் விரலில் அது இல்லை?
நான் எஞ்சினைப் பற்றிக் கேட்கவில்லை.
மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினேன்.

அவன் ரிப்பன் படத்தைப் பார்த்தான்,
கடிகாரத்தைப் பார்த்தான்.
"ஐஸ் வண்டி வந்துரும்க்கா.
நாலு மணிக்குள்ள முடிஞ்சிருமா?"

முடிஞ்சிரும், உக்காருங்க
என்றேன்.